மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒசாகா: முதல் பயணத்துக்கு முன் முடிக்க வேண்டியவை

வணக்கம் சகோதரி. நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். அப்பா அம்மாவை மார்ச் கடைசி வாரம் எட்டு நாளுக்கு ஜப்பான் அழைத்துப் போக என்னென்ன எடுத்து வைக்க வேண்டும், கையில் எவ்வளவு யென் வேண்டும், 28 அங்குலப் பெட்டி வாங்கலாமா. ஆனால் இடையில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்பாவுக்கு 67 வயது, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், நீரிழிவுக்கு மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுக்கிறார். அம்மா 62, சுத்த சைவம். இருவரும் சிங்கப்பூர்கூடப் போனதில்லை, கடப்பிதழே இன்னும் எடுக்கவில்லை. ஆகவே உங்கள் உண்மையான கேள்வி, பாஷை தெரியாத குளிர் தேசத்தில் இவர்களை எங்கேயும் மாட்டிக்கொள்ளாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர முடியுமா என்பது. முடியும். மறந்துபோன துண்டு, பல்துலக்கி, குடை எல்லாம் ஒசாகாவில் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும். பணம் கொடுத்தாலும் அங்கே கிடைக்காதவை நான்கு: பெயர் சரியாக உள்ள தாள்கள், அப்பாவின் மருந்து, அம்மா நம்பிச் சாப்பிடக்கூடிய உணவு, பழகிய காலணி. பயண முகப்பில் வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களிடம் அவசரமாக வந்து நிற்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த நான்கில்தான் வருகின்றன.

தாளிலிருந்து தொடங்குவோம். முதல் கடப்பிதழுக்கு இருவரும் நேரில் போக வேண்டும், மைகார்டு என்ற அடையாள அட்டையின் அசல் வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 200 ரிங்கிட். 60 வயதைக் கடந்தவர்களுக்கு 100 ரிங்கிட், ஆக உங்கள் பெற்றோர் இருவருக்கும் 100 தான். படம் முகப்பிலேயே எடுப்பார்கள், பின்னணி வெள்ளை என்பதால் அடர்ந்த நிறச் சட்டை போட்டுப் போகச் சொல்லுங்கள். போவதற்கு முன் அட்டையின் நிறத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களில் சிலர் இன்னமும் சிவப்பு அட்டையில், அதாவது நிரந்தரவாசத் தகுதியில், இருக்கிறார்கள். அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. நீல அட்டையாக இருந்தால் கவலையில்லை. சில்லு தேய்ந்தோ வளைந்தோ இருந்தால் முதலில் தேசியப் பதிவிலாகாவில் அட்டையை மாற்றிவிட்டுத்தான் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஈப்போவுக்கு இரண்டு நடை.

அடுத்தது கைரேகை. வருஷக்கணக்கில் உளி பிடித்து, பாலிலும் பாலை உறைய வைக்கும் அமிலத்திலும் புழங்கிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். வயதும் சேர்ந்தால் இயந்திரம் படிக்காது. கடப்பிதழ் முகப்பில் பெருவிரல் வைக்கச் சொல்வார்கள். ஜப்பானில் இறங்கியதும் 16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் அனைவரிடமும் இரு ஆள்காட்டி விரல்களின் ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். இது 2007 நவம்பரிலிருந்து உள்ள நடைமுறை. காய்ந்த விரல்தான் அதிகம் தகராறு செய்யும். அதனால் இரண்டு வாரம் முன்பிருந்தே இரவில் விரல் நுனிகளில் வாஸ்லீனோ தேங்காய் எண்ணெயோ தடவி வரச் சொல்லுங்கள். அன்றைய தினம் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். முதல் முறை பதியாவிட்டால் அழுத்தி வை, மறுபடி வை என்று சைகை காட்டுவார்கள். அது சந்தேகப்படுவதல்ல என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சீருடைக்காரர் முன்னால் நம் மூத்தவர்கள் பதறுவது அதிகம்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மலேசியக் கடப்பிதழில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்ற பிரிவு கிடையாது. 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) உட்பட முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும். விமான நிறுவனத்தின் படிவமோ இரண்டு கட்டம் கேட்கும், சாய்கோட்டை ஏற்காது. இதற்கு நான் சொல்லும் வழி, கடப்பிதழின் படப் பக்கத்தில் கீழே இருக்கும் இரண்டு இயந்திர வரிகளைப் பார்ப்பது. அங்கே எழுத்துகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில், சாய்கோடு இல்லாமல், விமானச் சீட்டு, காப்புறுதி, ஜப்பான் நுழைவுப் பதிவு மூன்றிலும் எழுதுங்கள். எதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவது என்பதைவிட, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருப்பதும் ஒரு எழுத்துகூட விடுபடாததும்தான் முக்கியம். கடப்பிதழ் கைக்கு வருவதற்கு முன் மலிவு விலை பார்த்துச் சீட்டு வாங்காதீர்கள். வாயால் அழைக்கும் பெயரும் அட்டையில் தோட்டத்து எழுத்தரான கிராணி காலத்தில் பதிந்த எழுத்தும் ஒன்றாக இல்லாத குடும்பங்கள் நம்மில் ஏராளம். ஓரெழுத்துப் பிழையைத் திருத்தப் பெரும்பாலும் முடியும். முழுப் பெயரே மாறியிருந்தால் சில நிறுவனங்கள் புதுச் சீட்டு வாங்கச் சொல்லும்.

ஜப்பானுக்குச் சுற்றுலா போக மலேசியர்களுக்கு விசா தேவையில்லை, சில்லு உள்ள கடப்பிதழ் இருந்தால் 90 நாள் வரை தங்கலாம். இது உறுதியான செய்தி. புறப்படுமுன் இணையத்திலேயே அனுமதி வாங்கும் முறையை வரும் ஆண்டுகளில் கொண்டுவரப் போவதாக ஜப்பான் அறிவித்திருக்கிறது. ஆகவே சீட்டு வாங்கும் நாளில் கோலாலம்பூரில் உள்ள ஜப்பான் தூதரகத்தின் தளத்தை ஒருமுறை பாருங்கள், என் பதிலை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். நுழைவு விவரத்தையும் சுங்க விவரத்தையும் 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் முன்பே நிரப்பினால் கியூஆர் குறி கிடைக்கும். உங்கள் கணக்கிலேயே பெற்றோரையும் உடன் பயணிப்பவர்களாகச் சேர்க்கலாம். அதில் முதல் நாள் தங்கும் விடுதியின் முகவரி, தொலைபேசி எண், விமான எண் மூன்றும் கேட்பார்கள். குறிகளை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இறங்கிய இடத்தில் இணையம் கிடைக்காமல் போகலாம். தாளில் எழுதிக் கொடுக்கும் வழியும் இருக்கிறது, ஆகவே தளம் வேலை செய்யாவிட்டால் தலையில் கைவைக்க வேண்டாம்.

இனி மருந்து. இதில் மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஜப்பானில் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவு வரை தனி அனுமதியின்றிக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் 'யுன்யு ககுனின்ஷோ' என்ற இறக்குமதிச் சான்றை முன்பே வாங்க வேண்டும். எட்டு நாள் பயணத்துக்கு பன்னிரண்டு, பதினைந்து நாளுக்கான மருந்து போதும். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் தரும் மாத்திரை பல நேரம் சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தில் மலாய்க் குறிப்போடு வரும். அதை எல்லாம் ஒரு டப்பாவில் கொட்டிக் கலந்துவிடாதீர்கள். அடுத்த சந்திப்பு நாளில் மருத்துவரிடம் சொல்லி, நோயின் பெயர், மருந்துகளின் பொதுப்பெயர், அளவு, இன்சுலின் ஊசி தேவை என்ற விவரத்தோடு ஆங்கிலத்தில் ஒரு சிறு கடிதம் வாங்குங்கள். மருந்து வாங்கும் தேதி பயணத்துக்கு நடுவே விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும்; விழுந்தால் முன்கூட்டியே தரும்படி இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்சுலினும் மாத்திரையும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறையில் உறைந்துபோக வாய்ப்புண்டு. உறைந்த இன்சுலின் மறுபடி இளகினாலும் உதவாது. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் அப்பாவின் இரவு ஊசி தாமதிக்கக் கூடாது. 100 மில்லிலிட்டர் திரவக் கட்டுப்பாடு மருந்துக்குப் பொருந்தாது, ஆனால் சோதனையில் பையிலிருந்து எடுத்துக் கடிதத்தோடு காட்ட வேண்டும். ஜப்பான் நேரம் நம்மைவிட ஒரு மணிதான் முன்னே என்பதால் ஊசி நேரத்தைப் பெரிதாக மாற்ற வேண்டி வராது. சர்க்கரை கூடுவதைவிடக் குறைந்துபோவதைத்தான் இந்தப் பயணத்தில் கவனிக்க வேண்டும். ஊரில் கடைக்குப் போய்வருகிற நடை பழகியவர் அங்கே ஒரு நாளில் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடப்பார், சாப்பாடோ நேரத்துக்குக் கிடைக்காமல் தள்ளிப்போகும். வியர்வை, கைநடுக்கம், காரணமில்லாத கோபம் வந்தால் உடனே இனிப்பு கொடுக்க குளுக்கோஸ் மிட்டாய் எல்லோர் பையிலும் இருக்கட்டும். நடை அதிகமாகும் நாளில் இன்சுலின் அளவைக் குறைக்கலாமா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதை நானோ வேறு யாரோ இணையத்தில் சொல்லக் கூடாது.

இரண்டு சிறிய விஷயங்கள். சர்க்கரை அளக்கும் கருவியும் பட்டைகளும் கடும் குளிரில் பிழை காட்டும், அதனால் மேலங்கியின் உள்பையில் வையுங்கள். நம் ஊர்க் கருவி மில்லிமோல் கணக்கில் காட்டும், ஜப்பானிய மருத்துவமனை மில்லிகிராம் கணக்கில் பேசும். நம் எண்ணை 18 ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். நம்முடைய 7 அவர்களுக்கு 126. இதை அந்தக் கடிதத்தின் பின்னால் எழுதி வையுங்கள். சளி மருந்திலும் கவனம் வேண்டும். மூக்கடைப்புக்கு நாம் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். 10 விழுக்காட்டுக்கு மேல் அது உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. அட்டையைத் திருப்பி மூலப்பொருளைப் படியுங்கள், புரியாவிட்டால் மருந்தாளரிடம் கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள். தைலம், கோடாலித் தைலம் எல்லாம் பிரச்சினையில்லை.

காலும் குளிரும் சேர்ந்த விஷயம். மார்ச் கடைசியில் ஒசாகாவில் பகலில் 14, 15 டிகிரி, விடியற்காலையில் 6, 7 டிகிரி இருக்கும். கேமரன் மலையில் நடுநிசியில் போர்வை தேடுகிற குளிர் அங்கே மத்தியான வெயில் நேரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தடித்த கம்பளிக் கோட்டு வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். கடை, ரயில், விடுதி எல்லாம் உள்ளே சூடாக இருக்கும், அங்கே அது பாரம். உடம்போடு ஒட்டிய வெப்ப உள்ளாடை, மேலே கம்பளிச் சட்டை, அதற்கு மேல் காற்றுப் புகாத மெல்லிய மேலங்கி என்று கழற்றிப் போடும்படி மூன்று அடுக்கு போதும். அம்மா சேலைதான் கட்டுவேன் என்றால் தடுக்க வேண்டாம். உள்ளே வெப்பக் கால்சட்டை, மேலே நீளமான மேலங்கி போட்டால் சேலை தாராளமாகத் தாங்கும். நகரும் படிக்கட்டில் மட்டும் முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

செருப்பில் பழகிய கால் புதுக் காலணிக்குள் போனால் இரண்டாம் நாளே கொப்புளம். நீரிழிவுக்காரருக்குக் கொப்புளம் சின்ன விஷயமல்ல. உணர்ச்சி குறைந்த காலில் வலி தெரியாமலே புண்ணாகிவிடும். ஆகவே காலணியை ஆறு வாரத்துக்கு முன்பே வாங்கி, முதல் வாரம் தினம் அரை மணி, பிறகு ஒரு மணி, கடைசி இரண்டு வாரம் இரண்டு மணி என்று நடந்து பழக்க வேண்டும். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய், தடித்த காலுறையோடு அளவு பாருங்கள். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கோயில்களிலும் சில உணவகங்களிலும் காலணியைக் கழற்ற வேண்டும், அதனால் கயிறு இல்லாத, குனியாமல் போடக்கூடிய ரகமாக இருந்தால் நல்லது. வெறும் காலோடு நடக்கவிடாதீர்கள். இரவு விடுதியில் அப்பாவின் பாதத்தையும் விரல் இடுக்கையும் நீங்களே பார்த்துவிடுங்கள். அங்கே கடைகளில் விற்கும் ஒட்டும் சூட்டுப் பொட்டலத்தைத் தோலில் ஒட்டவே கூடாது, அப்பாவின் காலில் துணிக்கு மேலேயும் வேண்டாம். வெந்நீர் ஊற்றுக் குளியலில் பாதத்தை வைத்துச் சூடு பார்ப்பதும் அப்படித்தான்: கையை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கட்டும்.

அம்மாவின் சாப்பாடு. சைவர்களை ஜப்பானில் ஏமாற்றுவது இறைச்சி அல்ல, கண்ணுக்குத் தெரியாத மீன். 'தாஷி' என்ற சாறுதான் அவர்கள் சமையலுக்கு அடிப்படை. உலர்த்திச் சீவிய மீனும் கடற்பாசியும் போட்டு எடுப்பது. மிசோ சூப், ஊடோன் நூடல்ஸின் தெளிந்த சாறு, வேகவைத்த காய்கறி, வறுத்த காய்க்குத் தொட்டுக்கொள்ளத் தரும் குழம்பு எல்லாவற்றிலும் அது இருக்கும். தட்டில் பார்த்தால் வெறும் காயும் நூடல்ஸும்தான் தெரியும். கடைக்காரரிடம் சைவமா என்று கேட்டால் இறைச்சி இல்லை என்ற பொருளில் ஆமாம் என்பார், பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் சாறு மீனல்ல. ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும்: இறைச்சி 'நிக்கு', மீன் 'சகனா', முட்டை 'தமாகோ', சாறு 'தாஷி'. இந்த நான்கும் வேண்டாம் என்று ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட அட்டை இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்று அம்மாவின் கைப்பையிலேயே இருக்கட்டும். ஒசாகாவிலும் தோக்கியோவிலும் இந்திய உணவகங்கள் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலும் வட இந்திய, நேப்பாளச் சமையல். கியோத்தோவில் புத்தக் கோயில்களைச் சார்ந்த 'ஷோஜின்' சமையல் மரபு இருக்கிறது; அதில் இறைச்சி, மீன் இல்லை, பூண்டு வெங்காயமும் இல்லை. விலை கூடுதல், ஒருவேளை சாப்பிடலாம், தினமும் முடியாது.

நாள்தோறும் கைகொடுப்பது நம் தயிர்ச்சோறுதான். சூடாக்கும் பெட்டியில் வைக்கிற வெறும் சோற்றுப் பொட்டலம் அங்கே பலசரக்குக் கடைகளிலும் தெருமுனைக் கடைகளிலும் கிடைக்கும், தெருமுனைக் கடையில் கேட்டால் அங்கேயே சூடாக்கித் தருவார்கள். ஜப்பானிய அரிசி கொஞ்சம் ஒட்டும் என்பதால் தயிரில் பிசைய நன்றாகவே இருக்கும். இனிப்பில்லாத தயிரை வாங்குங்கள். சில வகையில் ஜெலட்டின் சேர்ப்பதுண்டு, கைபேசி மொழிபெயர்ப்பில் மூலப்பொருளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாயும் பொடியும் வீட்டிலிருந்து. அப்பாவுக்கு இதையே மூன்று வேளையும் கொடுத்தால் சர்க்கரை ஏறும், அவர் மீன் சாப்பிடுவார் என்பதால் அவருக்கு வழி நிறைய. ரொட்டியில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கலாம், சோற்றுருண்டையில் உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று பாராமல் கொடுக்காதீர்கள்.

வீட்டிலிருந்து எதை எடுத்துப் போகலாம் என்பதில் ஜப்பானின் விதி கடுமை. இறைச்சி எந்த வடிவிலும் ஆகாது: சம்பல் கோழி, இறைச்சிப் பஞ்சு, உலர் இறைச்சி, வீட்டில் வறுத்த பிரட்டல் எல்லாம் தடை, அறிவிக்காமல் கொண்டுபோனால் தண்டனையும் உண்டு. மாம்பழம், பச்சைமிளகாய், கொத்து கறிவேப்பிலை, பச்சை அரிசி, பருப்பு போன்ற செடிகொடிப் பொருள்களில் சிலவற்றுக்கு நம் நாட்டிலிருந்து முழுத் தடை, மற்றவற்றுக்கு நம் நாட்டு விவசாய இலாகாவின் சான்றிதழ் வேண்டும், சமையல் சாமானுக்காக யாரும் அதை வாங்கப் போவதில்லை, ஆகவே எடுக்காதீர்கள். கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத உலர்ந்த மசாலாப் பொட்டலமும் உப்பிலோ வினிகரிலோ ஊறிய ஊறுகாயும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது. வீட்டில் அரைத்த பொடியைப் பெயரில்லாத பையில் கட்டிக்கொண்டு போனால் அதிகாரிக்கு விளக்கிச் சொல்ல உங்களால் முடியாது. ஊறுகாய்ப் புட்டியைச் சரக்குப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் திரவம் என்று எடுத்துவிடுவார்கள்.

அரிசி வேகவைக்கச் சின்னக் குக்கர் கொண்டுபோகலாமா என்று அம்மா கட்டாயம் கேட்பார். வேண்டாம். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230 அளவில். மின்னழுத்தம் பாதிக்கும் கீழே போகும்போது சூட்டுக் கம்பியின் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அரிசி வேகாது, ஊறும். கைபேசி மின்னூட்டியில் 100–240 என்று எழுதியிருந்தால் நேராக வேலை செய்யும், இரண்டு தட்டைக் காம்பு உள்ள மாற்றுச் செருகி மட்டும் போதும். மாற்றுச் செருகி காம்பின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. விடுதிகளில் பெரும்பாலும் கெட்டில் இருக்கும். பவர் பேங்க் கைப்பையில்தான், 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் ஏறத்தாழ 74 வாட்-மணி, ஆகவே சரி. விமானத்தில் தலைக்கு மேல் உள்ள அறையில் அதை வைக்காமல் கையோடு வைத்திருங்கள்.

பணத்துக்கு வருகிறேன். மொத்தச் செலவைக் கணக்கிட்டு எல்லாவற்றையும் தாளாகக் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. முதல் இரண்டு நாளுக்கு ஆளுக்கு 10,000 யென் கையில் இருந்தால் போதும், அதை ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ மணி சேஞ்சரிடம் மாற்றுங்கள், விமான நிலையத்தில் விலை மோசம். சிறு தாளாக 1,000 யென் கேளுங்கள். மீதியை அங்கே செவன் இலெவன் கடையில் உள்ள பண இயந்திரத்தில் வங்கி அட்டையால் எடுக்கலாம். ஆனால் நம் வங்கிகள் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயல்பாக மூடியே வைத்திருக்கும். வங்கிச் செயலியிலோ கிளையிலோ அதைத் திறந்துவிட்டு, தினசரி உச்சவரம்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரமோ கடையோ ரிங்கிட்டில் கழிக்கவா, யென்னில் கழிக்கவா என்று கேட்டால் யென் என்றே சொல்லுங்கள். ரிங்கிட் என்றால் அவர்கள் வைத்த விலை. அட்டை எங்கும் செல்லும் என்று நம்ப வேண்டாம். கோயில் நுழைவுச் சீட்டு, சிறு உணவகம், ரயில் அட்டையில் பணம் ஏற்றும் இயந்திரம் இவற்றில் இன்னும் ரொக்கம்தான் வழக்கம். ரயில் அட்டை என்றால் நம் டச் என் கோ மாதிரி. ஒசாகா பக்கம் இக்கோக்கா, தோக்கியோவில் சுய்க்கா, எதை வாங்கினாலும் இரு ஊரிலும் ஓடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேண்டும், ஒன்றை இருவர் தட்டிப் போக முடியாது. நாடு முழுக்கச் செல்லும் ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக ஏறிவிட்டது, உங்கள் திட்டத்துக்கு லாபமில்லை.

அதிக கவனம் கேட்பது முதல் 24 மணி நேரம்தான். அதை மட்டும் மணிவாரியாக எழுதுங்கள், மிச்ச ஏழு நாளைத் தளர்வாக விடலாம். சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் விரைவு ரயில் நிற்கும். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் இறங்கி விமான நிலைய ரயிலான கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் பிடித்தால் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33. இன்னொரு வழி ஈப்போ அமான்ஜெயா நிலையத்திலிருந்து நேரே விமான நிலையம் போகும் பேருந்து. பெட்டியோடு ஏறி இறங்கச் சிரமப்படும் பெற்றோருக்கு இதுவே எளிது. எதுவானாலும் விமானத்துக்கு ஐந்து மணி முன்னதாகப் போய்ச் சேரும்படி பாருங்கள். 2026, 2027 இரண்டிலும் நோன்புப் பெருநாள் மார்ச் மாதத்தில் வருகிறது, அந்த வாரங்களில் இடிஎஸ் சீட்டு கிடைக்காது, நெடுஞ்சாலையும் நகராது. விமானத்தில் அம்மாவுக்கு இந்திய சைவ உணவு என்று முன்பே பதிந்துவிடுங்கள், மலிவு விமானமானால் காசு கட்டி. அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கேட்கக் கூச்சப்படாதீர்கள். முனையத்தில் நடை நீளம். 48 மணி முன்பே சொன்னால் ஏற்பாடு செய்வார்கள்.

ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து நம்பா பகுதிக்கு நன்காய் ரயிலில் முக்கால் மணி நேரம், கட்டணம் ஆளுக்கு ஏறத்தாழ 1,000 யென். முதல் இரவு விடுதியை ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும். காலையில் இறங்கினால் அறை மத்தியானம் மூன்று மணிக்குத்தான் தருவார்கள். பெட்டியை முன்பே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆனால் தூக்கமில்லாமல் வந்த 67 வயதுக்காரரை ஊர் சுற்ற வைக்காதீர்கள். அன்று வேறு எதையும் திட்டத்தில் போட வேண்டாம். அப்பாவும் அம்மாவும் தனித்தனியே ஒரு தாள் வைத்திருக்கட்டும்: விடுதிப் பெயரும் முகவரியும் ஜப்பானிய எழுத்தில், உங்கள் எண், அப்பாவுடையதில் நீரிழிவு என்றும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அவர்கள் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது, தேடுவது உங்கள் வேலை என்று புறப்படுமுன்பே பேசி வையுங்கள். ரயில் கதவு மூடி ஒருவர் மட்டும் ஏறிவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடைமேடையிலேயே நிற்க வேண்டும். உங்கள் ஒரு கைபேசியின் இணையத்தைப் பகிர்ந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பிரியும் நேரத்தில்தான் அது தேவை. பெற்றோரில் ஒருவர் கைபேசிக்காவது தனி இணையம் வேண்டும். தெருமுனைகளில் 'கோபான்' என்ற சிறு போலீஸ் சாவடி இருக்கும், தாளைக் காட்டினால் வழிகாட்டுவார்கள். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119.

வெளிநாட்டவர் கடப்பிதழை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், விடுதியில் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. தொலைந்தால் நம் தூதரகம் தோக்கியோவில்தான், ஒசாகாவிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். காப்புறுதி வாங்கும்போது விளம்பரத்தைப் படிக்காமல் விலக்குப் பகுதியைப் படியுங்கள்: ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பல திட்டங்கள் பணம் தராது, அப்பாவுக்கு அது தெரியாமல் வாங்கினால் பாதி பயன்தான். சகுரா என்ற செர்ரிப் பூ பூக்குமா என்றும் கேட்கத் தோன்றும்; மார்ச் கடைசியில் ஒசாகாவில் பூக்கத் தொடங்குவது வழக்கம், ஆனால் ஒரு வாரம் முன்பின்னாகும், அதை நம்பி அம்மாவிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக அந்தப் பெட்டி. 28 அங்குலம் வேண்டாம். அதிவேக ரயிலில் நீள அகல உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டி என்றால், அதை வைக்க இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். 28 அங்குலப் பெட்டி சக்கரத்தோடு அளந்தால் அந்த எல்லையைத் தொட்டு நிற்கும். நிலையங்களில் மின்தூக்கி ஒரு மூலையில் ஒளிந்திருக்கும், அதுவரை படிக்கட்டில் நீங்கள்தான் தூக்க வேண்டும். இருவருக்கு ஒரு 24 அங்குலப் பெட்டி, ஆளுக்கு ஒரு முதுகுப் பை போதும். நான்கு நாள் துணி எடுத்து நடுவில் ஒருமுறை விடுதி இயந்திரத்தில் துவைத்துக்கொள்ளலாம். கைப்பைக்கு 7 கிலோதான் என்று பல நிறுவனங்கள் எடைபோடுகின்றன, அப்பாவின் மருந்துப் பையையும் சேர்த்தே வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.